மண் தின்ற பனியன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நான் நலம். உன் முழங்கால் வலி அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நீ கொடுத்தனுப்பிய பனியன்களில் ஒன்றை மண்ணில் புதைப்பதென்று முடிவெடுத்து, நிறைவேற்றியும்விட்டேன். பயப்படாதே, புத்தி சரியாகத்தான் இருக்கிறது.

இந்தப் பண்ணையில் மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் துணியைப் புதைப்பார்கள். நுண்ணுயிர்கள் நிறைய இருந்தால் இரண்டு மாதத்தில் பருத்தியைத் தின்றுவிடும். மக்கிய எரு போட்டு நான் வளப்படுத்திய வயலில் மேலாளர் புதைத்த துணியோ, சலவைக்குப் போய்வந்ததுபோல் முழுசாக வெளியே வந்தது.

"மண்ணு செத்துப்போச்சுப்பா. நீயும் மூட்டையக் கட்டிக்கோ" என்றார்.

துணியைத் தடவிப் பார்த்தேன். முழுக்கப் பாலியஸ்டர்.

"சார், இதை மாடுகூடத் தின்னாது. எங்கம்மா வாங்கின பனியனைப் புதைச்சுப் பாக்கலாம். சுத்தப் பருத்தின்னு தெரியாம அவங்க கடைய விட்டு நகரமாட்டாங்க."

அதே இடத்தில் புதைத்தோம். இரண்டு மாதம் பொறுத்து நேற்று தோண்டியபோது தையல் நூல் மட்டும் கிடைத்தது.

"உங்கம்மாவுக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்னு எழுதுப்பா" என்றார் மேலாளர். என்னுடையதையும் சேர்த்துக்கொள். கடைக்காரரை நீ படுத்திய பாடு வீண்போகவில்லை.

இன்னும் இரண்டு பனியன் அனுப்பு. நம் வீட்டு சோப்பில் ஒருமுறை அலசி அனுப்பினால் நல்லது. இங்குள்ள சோப்பு வாசனை ஏனோ பழகவில்லை. தபால் வண்டி வந்துவிட்டது.

உன் மகன்

பி.கு.: என் ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டிவிட்டார்கள்.