கல்லில் நான்கு பெயர்கள்

யாஸ்வார்,
2021 நவம்பர் 2

அன்புத் தங்கை எமோக்கேவுக்கு,

முழங்காலைத் தவிர நான் நலம். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால் காகிதம்.

நேற்று, எல்லாப் புனிதர் திருநாளுக்கு, கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. அப்பா அம்மாவுக்கு நீ போட்ட புதுக் கருங்கல்லை முதல்முறையாகப் பார்த்தேன். அழகான கல். விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தேன். அப்பா பெயர், அம்மா பெயர். அதற்குக் கீழே "போத்ரோகி எமோக்கே, 1979 –". அதற்கும் கீழே "ஸலாய் டிமேயா, 1981 –".

பின்னால் மருந்துக்கடைக்கார அம்மாள் நின்றிருந்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"யாருங்க வாத்தியாரே இந்த டிமேயா? மருமகள்னா, உங்க வீட்டுல ஆம்பளப் புள்ள நீங்க ஒருத்தர்தானே?"

"தங்கச்சி வீட்டுல குடியிருக்கிறவங்க" என்றேன்.

"குடியிருக்கிறவங்களக் கல்லறையிலயுமா குடிவெப்பீங்க?"

சுற்றி இருந்தவர்கள் மெழுகுவர்த்தியை ஏற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான்.

எமோக்கே, அந்தக் குழியில் நான்கு பேருக்குத்தான் இடம். நான்கு பெயரும் ஆகிவிட்டன. மார்த்தாவின் குடும்பக் கல்லில் ஒருகாலத்தில் என் பெயர் இருந்தது. விவாகரத்து ஆன வாரமே அவள் அண்ணன்மார் அதில் சிமென்ட் பூசிவிட்டார்கள். அந்தத் தடம் இன்றும் பல்லைப் பிடுங்கிய இடம் மாதிரி தெரிகிறது. அங்கேயும் நான் இல்லை, இங்கேயும் இல்லை. என்னை எங்கே போடுவதாக உத்தேசம்?

அன்புடன் அண்ணன்,
கெல்லேர்ட்


புடாபெஸ்ட்,
2021 நவம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை. நேற்று ஒருவருக்குச் செய்த பல்செட்டை மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

கல் வெட்டுகிற பேனி எல்லாரிடமும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டான். "அடுத்து யாரு யாரு? பேரை இப்பவே வெட்டிரட்டுமா?" என்றான். நான் யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று "இனி என் இடம் மார்த்தா வீட்டுப் பளிங்குக்கல்லில்தான்" என்று நீ சொன்னது மட்டும் என் காதில் இருந்தது. மற்றது எனக்கு உறைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

இப்போது வேறொன்று. நீ உட்கார்ந்து படி.

எங்களுக்கு ஒரு குழந்தை கிடைக்கப்போகிறது. பெயர் ரமோனா, ஐந்து வயது. உன் மாவட்டத்தில்தான் ஒரு வளர்ப்புத் தாயிடம் இருக்கிறாள். வாரக் கடைசியில் எங்களிடம் வருகிறாள். கல்யாணம் ஆன பத்துத் தம்பதிகள் அவள் கோப்பைப் பார்த்தார்கள். ஜிப்சிக் குழந்தை என்று தெரிந்ததும் மூடி வைத்துவிட்டார்கள். என் மேஜையிலுள்ள பல்செட்டையெல்லாம் வரிசையாக வைத்து, "இந்தப் பல்லு நேத்து என்ன சாப்டுச்சு?" என்று கேட்கிறாள். டிமேயாவின் பேருந்து ஓட்டுநர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவருக்கும் டிக்கெட் கிழிக்கிறாள்.

நாட்டு நிலைமை உனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமும் கிடையாது, சேர்ந்து தத்தெடுக்கவும் முடியாது. தனி ஆளாகத்தான் விண்ணப்பிக்க முடியும். அதற்கும் இந்த வருஷத்திலிருந்து அமைச்சர் அனுமதி வேண்டும். காகிதத்தில் நான் ஒண்டியாள். டிமேயா வாடகைக்கு இருப்பவள்.

ஹோர்ன்யாக் அம்மாள் என்ற அதிகாரி விசாரிக்க வருவார். முதலில் என் வீட்டுக்கு. பிறகு ஒரே நெருங்கிய சொந்தம் என்பதால் உன்னிடம். மருந்துக்கடை அம்மாளிடம் சொன்ன அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிவிடு, அண்ணா. வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

உன்
எமோக்கே


யாஸ்வார்,
2021 நவம்பர் 16

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. உட்கார்ந்துதான் படித்தேன்.

எங்கள் ஆசிரியர் அறையிலும் தினமும் இந்தப் பேச்சுதான். உடற்பயிற்சி ஆசிரியர் நேற்று, "புள்ளைக்கு அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு. இதுல என்ன சார் விவாதம்?" என்றார். "உங்களுக்கு ரெண்டும் இருந்துச்சு. அதுல ஒண்ணு ராத்திரியில எந்தச் சாக்கடையில கெடந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்" என்றேன். மனிதர் விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். ஆகவே என்னை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதே. இரண்டு பெண்கள் ஒரு குழந்தையை வளர்ப்பதால் வானம் இடிந்து விழாது. சரித்திரம் படித்தவன் நான். இதைவிட மோசமான வீடுகளில் அரசர்களே வளர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் பொய் என்பது வேறு விஷயம். பள்ளியில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு பொய்யான பாராட்டுக் கடிதத்தில் நான் போடவில்லை. தலைமையாசிரியர் பதவி என் கைக்கு வந்து நழுவியது அதனால்தான். அன்று நீங்கள் யாரும் "பொய்தானே, போட்டுவிடு" என்றும் சொல்லவில்லை, "நல்லது செய்தாய்" என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அம்மாவுக்கு விறகு பிளந்தவன் நான். கடைசியில் அவள் உன் வீட்டுக்குப் போய், டிமேயா வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, "இதுதாண்டா ருசி" என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அது என் தொழில்.

அந்த அம்மாள் வரட்டும். தேநீர் கொடுப்பேன். நீ கவலைப்படாதே.

குளிர்காலத்தில் பேனிக்கு வேலை குறைவு என்று கேள்வி. கல் விஷயத்தை யோசித்துவை. ஹோர்ன்யாக் அம்மாள் வருவதற்குள் நல்ல பதில் வந்தால் எனக்கும் மனம் நிம்மதியாக இருக்கும்.

அன்புடன்,
கெல்லேர்ட்


புடாபெஸ்ட்,
2021 டிசம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஹோர்ன்யாக் அம்மாள் எந்த நாள் வருவார் என்று தெரியாமல் வீட்டையே புரட்டிப்போட்டோம். டிமேயாவின் தலையணை, பல்துலக்கி, படங்கள் எல்லாம் பின்னறைக்குப் போயின. அவளும் சில நாள் பேருந்துப் பணிமனையில் படுத்தாள். அந்த அம்மாள் வந்தார், பார்த்தார், போனார். கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று, பூட்ஸில் மிட்டாய் போட்டுப்போகும் மிக்குலாஷ் தாத்தாவுக்காக ரமோனா மூன்று ஜோடி பூட்ஸைத் துடைத்து ஜன்னலில் வைத்தாள். தெருவிலிருந்து யாராவது எண்ணிவிடுவார்கள் என்று நான் பெரிய ஜோடியை எடுத்து உள்ளே வைத்தேன். "அது டிமேயாவுது. அவுங்களுக்கு மிட்டாய் வேணாமா?" என்றாள்.

பேனியிடம் கேட்டேன். வெட்டிய பெயரை மட்டும் அழிக்க முடியாதாம். கல்லின் முகத்தை முழுக்கத் தேய்த்துப் புதிதாக வெட்ட வேண்டும். உறைபனி விட்டபிறகுதான் செய்வானாம். வசந்தத்தில் செய்துவிடுகிறோம். டிமேயாவே சொன்னாள்: "என் எடத்த ஒங்க அண்ணனுக்கே குடுத்துரு. எனக்குக் கல்லு வேணாம். புள்ள வந்தாப் போதும்."

இப்போது நிம்மதிதானே, அண்ணா?

உன்
எமோக்கே


யாஸ்வார்,
2021 டிசம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நேற்று ஹோர்ன்யாக் அம்மாள் வந்துவிட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிறகு யாரும் வேறு மாதிரி சொல்லக்கூடாது.

நல்ல பெண்மணி. தேநீரும் பாலாடைக்கட்டி ரொட்டியும் கொடுத்தேன். "தங்கச்சி தனியாத்தான் இருக்காங்களா சார்?" என்று கேட்டார். "வாடகைக்கு ஒருத்தங்க இருக்காங்க" என்றேன். நீ கேட்ட வார்த்தையையே சொன்னேன். எழுதிக்கொண்டார். வேலை முடிந்தது என்று எழுந்தவர், சுவரில் அம்மா படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஐயோ, எங்க டீச்சரு! எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததே இவங்கதான் சார். எங்க இருக்காங்க இப்ப?"

கல்லறைத் தோட்டத்தில் என்றேன்.

"ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போறேன். நீங்க வராதீங்க, கால் வலின்னீங்களே. நானே தேடிக்கிறேன்."

விருந்தாளியைத் தனியாக அனுப்புவது நம் வீட்டு வழக்கமா? கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே போனேன். கல்லின் கீழ்ப்பாதி முழுக்க வாடிப்போன சாமந்திக் குவியல். அம்மா எவ்வளவு சுத்தக்காரி என்பது உனக்குத் தெரியும். தன் பழைய மாணவி முன்னால் அப்படிக் கிடக்க அவளுக்குக் கூசியிருக்கும். பூக்களையெல்லாம் அள்ளி அந்தப் பக்கம் போட்டேன். கல்லில் உறைந்திருந்த பனியைக் கையுறையாலேயே துடைத்தேன்.

அவர் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். கீழே இருந்த இரண்டு பெயர்களையும் படித்தார்.

"இந்த டிமேயாங்கிறவங்க..."

நான் கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டினேன். உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

"நல்ல கல்லு சார்" என்றார். பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டேன். ஏறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உறையை ஒட்டப்போகும்போது உன் கடிதம் வந்தது. டிமேயாவுக்கு நல்ல மனசு. வசந்தம்வரை காத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்புடன்,
கெல்லேர்ட்


புடாபெஸ்ட்,
2022 ஜனவரி 19

கெல்லேர்ட்,

அனுமதி மறுக்கப்பட்டது. காரணம் சொல்லவில்லை. ரமோனா இனி வரமாட்டாள். வேறு மாவட்டத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். அவளுடைய பூட்ஸ் எங்கள் ஜன்னலில் இருக்கிறது. வளர்ப்புத் தாய் போன் செய்தார். "நான் அங்க எதாச்சும் பல்ல ஒடச்சிட்டனா?" என்று குழந்தை கேட்டதாம்.

நவம்பரில் உன் முதல் கடிதம் வந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் யாஸ்வாருக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அந்தச் சாமந்தியைக் கல்லின் கீழ்ப்பாதியில் குவித்து வைத்தவள் நான்தான். டிமேயா கம்பியால் கட்டிக் கொடுத்தாள், காற்றில் போகக்கூடாது என்று. நீ அந்தக் கம்பியையும் அவிழ்த்திருக்கிறாய்.

குளிரானாலும் பரவாயில்லை என்று பேனியிடம் சொல்லியாயிற்று. கொட்டகைக்கு எடுத்துப்போய்ச் செய்வான். உன் இடம் உனக்கு வந்துவிடும். போய்ப் பார்.

எமோக்கே


யாஸ்வார்,
2022 பிப்ரவரி 20

அன்புத் தங்கை எமோக்கேவுக்கு,

உன் ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்தன. இந்த முகவரியில் அந்தப் பெயரில் யாரும் இல்லையாம். வெளிநாடு போய்விட்டீர்களா? போத்ரோகி வாத்தியாரின் தங்கை எங்கே என்று தபால்காரன் என்னையே கேட்கிறான்.

கம்பி இருந்தது உண்மை. பூவோடு வந்தது என்று நினைத்தேன். இருட்டும் நேரம், விரல்கள் விறைத்திருந்தன. கம்பி எதற்கென்று அப்போது யார் யோசிப்பார்கள்?

கல்லைப் பார்த்தேன். அப்பா, அம்மா, அதற்குக் கீழே "போத்ரோகி கெல்லேர்ட், 1968 –". எழுத்துகளை ஆழமாக வெட்டியிருக்கிறான். உங்கள் இருவர் பெயரும் இருந்த சுவடே இல்லை. எனக்குக் கீழே இன்னொருவருக்கான இடம் வழவழவென்று கிடக்கிறது. பேனியிடம் கேட்டேன்.

"யாருக்குடா அந்த எடம்?"

"தெரியாது வாத்தியாரே. ஒங்க தங்கச்சி 'அவருக்கு யாரு வேணுமோ அவங்க பேர அவரே சொல்வாரு'ன்னாங்க. சொல்லுங்க, வெட்டிடலாம்."

நின்று யோசித்தேன். அவன் உளியைத் துடைத்தபடி காத்திருந்தான். பிறகு, "அவசரமில்ல வாத்தியாரே, மெதுவாச் சொல்லுங்க" என்று போய்விட்டான்.

மருந்துக்கடை அம்மாள் ஞாயிறுதோறும் அந்த வழியாகத்தான் போகிறார். ஒருநாளும் நின்று எதுவும் கேட்பதில்லை. என் பெயரையும், பிறந்த வருஷத்துக்குப் பின்னால் இழுத்த அந்தச் சிறு கோட்டையும் அப்படி வெட்டவெளியில் பார்க்க எனக்கு முடியவில்லை. இந்த மாதத்தில் சாமந்தி கிடைக்காது. பைன் கிளைகளை ஒடித்து வந்து என் பெயரின்மேல் அடுக்கி, கம்பியால் கட்டினேன். எனக்குக் கட்டத் தெரியவில்லை. காலையில் போனால் காற்று எல்லாவற்றையும் தள்ளியிருக்கிறது. தினமும் போய்த் திரும்பக் கட்டுகிறேன்.

எப்படிக் கட்டினால் நிற்கும் என்று டிமேயாவிடம் கேட்டு எழுது.

அண்ணன்,
கெல்லேர்ட்