தாழிக்குள் ஒரு பால் சங்கு

தென்காசி,
ஆடி, புதன்கிழமை

அன்புள்ள அனுசியாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன் போட்டால் அத்தைதான் எடுத்து, "அவ படுத்திருக்கா மாப்ள" என்கிறார்கள். அதனால் ராயகிரிக்கே, உன் அம்மா வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன்.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவிப் பக்கம் வண்டி நகரவில்லை. மாடியில் போட்ட துணி காயவில்லை. இதெல்லாம் செய்தியில்லை.

செய்தி இதுதான். அகழாய்வில் ஒரு சின்னத் தாழி கிடைத்தது. உள்ளே பச்சைக் குழந்தையின் எலும்பு. பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மண்கிண்ணம், ஒரு பக்கம் மூக்கு வைத்தது. நான் கிடைக்கிற பொருள்களை ஸ்கேன் எடுக்கிறவன், கருத்துச் சொல்வது என் வேலையில்லை. அகழாய்வுப் பொறுப்பாளர் தில்லைநாயகம் சார் "வெளக்குன்னு எழுதிக்கோ" என்றார். "வெளக்குன்னா கரி எங்க சார்? இது பால் சங்கு" என்றேன். "கல்யாணமான திமிரு! ஒனக்கு எப்படிடே தெரியும்?" என்று சிரித்தார். உனக்குப் பால் வராமல் ஆஸ்பத்திரியில் நம் பிள்ளைக்கு நான் சங்கில் ஊட்டியது அவருக்குத் தெரியாது. சோதனைக்கு அனுப்புங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன்.

முடிவு வந்துவிட்டது. ஆடோ மாடோ, ஏதோ கறந்த பாலின் கொழுப்பு மண்ணில் ஊறியிருக்கிறது. ஸ்கேனைப் பெரிதாக்கினேன். மூக்கின் நுனியை யாரோ தேய்த்து மழுக்கியிருக்கிறார்கள். பிள்ளையின் உதடு கீறக் கூடாதென்றுதான் இருக்கும்.

அந்தத் தாய்க்குப் பால் இல்லையா, அவளே இல்லையா, தெரியாது. ஆனால் ஊட்டியிருக்கிறார்கள். ஊட்டியும் பிள்ளை போயிருக்கிறது.

நம் பிள்ளை போனது இதயத்து ஓட்டையால். டாக்டர் படம் போட்டே காட்டினார். "தாய்ப்பால் குடிச்சிருந்தா தேறிருக்கும்ட்டி" என்று எவள் வந்து சொன்னாலும் கதவைச் சாத்து.

உன் அண்ணன் சீராகப் போட்ட, நான் ஊட்டிய அந்த வெள்ளிச் சங்கை உருக்கிக் கொலுசு செய்யப் போவதாக அத்தை சொன்னார்கள். "பிள்ள இல்லாத வீட்ல அது கெடக்கப்படாது" என்றார்கள். கொடுக்காதே. அந்தக் காலத்தில் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நாம்தான் வெறுங்கையோடு அனுப்பிவிட்டோம்.

ஆடி கழியட்டும் என்பார்கள். கேட்காதே. உன்னைக் கூட்டிப் போக ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன். சாப்பிடு. சங்கை எடுத்து வை.

வெள்ளியில் பால் ஊறாது, எனக்குத் தெரியும். ஆனாலும் கழுவாமல் கொண்டு வா.

உன்,
நாகராஜன்