ஆறு மாதக் கமிட்டி

பருத்திப்பட்டு
5-9-2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ராகவன் அண்ணாவுக்கு,

ஆக்னஸ் எழுதுவது. நலம்தானே? ஆல்பேனியா போய் ஒன்பது மாதம், ஒரு போன் இல்லை. நாங்கள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. என் மேல் என்ன கோபமோ!

நம் குடியிருப்புக்குப் புதிய கமிட்டி போடுகிறார்கள். நீங்கள் ராஜினாமா எழுதித் தராமலே விமானம் ஏறிவிட்டீர்களாம். ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வாசல் பலகையில் இன்னும் தலைவர் ராகவன், செயலாளர் ராயப்பன் என்றுதான் இருக்கிறது. செத்துப்போன என் வீட்டுக்காரர் பெயரை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மழை வந்தால் வாட்ச்மேன் கோவிந்தன் கீழ்த்தளத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்குவதே இல்லை. "செகரட்டரி சாரு தண்ணில நடந்துகினு கீறாரும்மா" என்கிறான். எனக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது, அண்ணா.

மெயின் சுவிட்சை அணைக்காமல், தேங்கிய மழைத் தண்ணீரில் இறங்கி மோட்டாரில் கை வைத்தது அவர் தப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் கல்லறைக்குப் போகும்போதெல்லாம் அவரைத் திட்டிவிட்டு வருகிறேன்.

தங்கை,
ஆக்னஸ்

துர்ரெஸ், ஆல்பேனியா
28-9-2025

அன்புத் தங்கை ஆக்னஸுக்கு,

உன் மேல் எனக்கென்ன கோபம்? உன் குரலைக் கேட்கத்தான் பயம்.

1914-இல் ஒரு ஜெர்மன் இளவரசர் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கி ஆட்சி அமைத்தார். பிரதமர், மந்திரிகள் எல்லாம் உண்டு. ஆறே மாதம். கலகம் முற்றியதும் கப்பலேறிவிட்டார். முடியைத் துறக்கவில்லை, கொஞ்ச நாள் வெளியே போவதாகத்தான் சொன்னார். திரும்பவே இல்லை. நம் கமிட்டிக்கும் ஆறு மாதம்தான் ஆயுள். என் ஜன்னலில் அந்தத் துறைமுகம் தெரிகிறது. திரையை நான் திறப்பதில்லை.

நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று காலை, போகிற வழியில் மெயினை நானே அணைத்துவிடுகிறேன் என்று ராயப்பனிடம் சொன்னேன். டாக்சி வந்த அவசரத்தில் மறந்துபோனேன். பூந்தமல்லி தாண்டும்போது அவன் செய்தி: "அண்ணே, ஆஃப் பண்ட்டீங்களா? எறங்கட்டா?" அணைத்துவிட்டதாகவே நினைத்து, "ஆச்சு, எறங்கு" என்று அனுப்பினேன்.

விமான நிலையத்தில் அவன் செத்த சேதி வந்தது. திரும்பியிருக்கலாம். ஏறிவிட்டேன். எல்லோரும் பழியை அவன் தலையில் போட்டபோதும் வாய் திறக்கவில்லை. அவன் போன் தண்ணீரோடு போயிற்று. என் போனில் அந்தச் செய்தி அப்படியே இருக்கிறது. இங்கே மழை பெய்தால் போன் ஒலிக்கிறது, ஆக்னஸ். எடுத்துப் பார்த்தால் புதிதாக ஒன்றும் இல்லை.

ராஜினாமா இத்துடன் இருக்கிறது. என்னை மன்னிப்பாயா?

ராகவன்

பருத்திப்பட்டு
3-11-2025

திரு. ராகவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நேற்று கல்லறைத் திருநாள். சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மெயினை அணைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார் என் மனுஷன். பதினொரு மாதமாகத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு அழுதேன்.

இன்று காலை நல்ல மழை. கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். சத்தமே இல்லை. "இன்னாம்மா, சாரு போய்ட்டாரா?" என்றான். ஆமாம் என்றேன். மேலே வந்து பலகையில் அவர் பெயரை என் கையாலேயே அழித்தேன்.

உங்கள் ராஜினாமாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் பெயர் பலகையில் இருக்கிறது. யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நேரில் வந்து, எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிட்டு, நீங்களே அழியுங்கள்.

அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

ஆக்னஸ் ராயப்பன்