வந்து சாப்பிடுகிறேன் என்று போனவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. அடுத்த மாதம் உங்கள் கிடங்கு வாசலில் நடக்கப்போகும் மறியலில் எல்லோருக்கும் முன்னால் தனி ஆளாகப் போய் நிற்கப்போவதாக அக்காவிடம் போனில் சொன்னாயாமே. அப்பாவைப் பற்றி எடுத்த படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை, அவர் பிள்ளை வேறு எப்படி இருப்பான் என்றும் கேட்டாயாம். கேட்டதும் கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நானும் அத்தையும் பார்த்தோம். அத்தை முந்தானை நனைய அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தில் அப்பா சாகப்போவது தெரிந்தே கிளம்புகிறார், சாப்பாட்டு டப்பாவை ஒரு பிச்சைக்காரரிடம் கொடுத்து இனிமே இது எனக்கு வேணாம் என்கிறார், துப்பாக்கிக்கு முன்னால் சட்டையைக் கிழித்து மார்பைக் காட்டுகிறார். இருந்ததே இரண்டு சட்டை, அவராவது கிழிப்பதாவது. நான் வாசற்படியில் நின்று அழுகிறேனாம். நானும் அவர் வேலை பார்த்த அதே பஞ்சாலையில் நூல் சுற்றியவள்தானே, அந்தக் கடைசி ஊர்வலத்தில் அவருக்குப் பின்வரிசையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனவள்.

உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது, இப்போது கேட்டுக்கொள். எங்கள் ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது, கொண்டுவந்ததே உன் அப்பாதான். ஊர்வலம் போகிறவர்கள் தங்கள் டப்பாவைச் சங்க அறை பெஞ்சில் வைத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து சேர்ந்து சாப்பிட வேண்டும். ஒரு டப்பா மிஞ்சினாலும் யாரும் வாயில் சோறு வைக்கக் கூடாது, அந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். சாகறதுக்கு யாரும் வர வேணாம், திரும்பி வந்து சாப்பிடறவங்க மட்டும் வாங்க என்று அடித்துச் சொல்வார். கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போன அன்றைக்கும் என் டப்பால யாரும் கை வெச்சுடாதீங்கடா, முட்டை இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போலீஸ் சுட ஆரம்பித்ததும் ஓடினார். ஆமாம், ஓடினார். கீழே விழுந்த கொதிகலன்காரரைத் தூக்கி இழுத்துக்கொண்டு, எல்லோரையும் ஓடச் சொல்லிக்கொண்டே ஓடினார். குண்டு முதுகில்தான் பாய்ந்தது. முதுகில் பட்டால் வெட்கப்பட வேண்டுமாம், எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அன்று எல்லோரும் அவரவர் டப்பாவை எடுத்த பிறகு பெஞ்சில் அவர் டப்பா மட்டும் மிஞ்சியது, யாரும் சாப்பிடவில்லை. அதன் பிறகும் ஒருவர்கூட ஆலைக்குள் கால் வைக்கவில்லை, கடைசியில் நாங்கள் கேட்ட கூலியை முதலாளிகள் கொடுத்தார்கள். அவர் செத்ததால் கிடைக்கவில்லை, நாங்கள் உயிரோடு இருந்து விட்டுக்கொடுக்காததால் கிடைத்தது.

படம் எடுக்கும் முன்பே அதன் இயக்குநரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஹீரோ முட்டைய நெனச்சிட்டிருந்தா ஜனங்க எப்படிம்மா அழுவாங்க என்றார். அழ வேணாம் தம்பி, கோபப்படட்டும் என்றேன். இப்போது படத்தின் வெற்றி விழா மேடையில் வைக்க அந்த டப்பாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். வேற வேலை இருந்தா பாருங்க என்று கதவைச் சாத்திவிட்டேன்.

உன்னைப் போகாதே என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டதற்கே அர்த்தமில்லை. போ, நியாயத்தைக் கேள், கூட்டத்தோடு நில், ஓட வேண்டிய நேரத்தில் ஓடு. அப்பாவின் டப்பாவை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கும், ஓரத்தில் தட்டினால் திறக்கும். உனக்குப் பிடித்ததை நிரப்பி, கூட்டாளிகள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போ.

நீ கிழவனாகி, என்னைப் போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனக வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அன்று திரும்பி வந்து சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, மறக்காமல் போன் செய்.

சாப்பிட்டேன் என்று நீ சொல்லும்வரை சாப்பிடாமல் இருக்கப்போகும்,
அம்மா