நாலு விளக்கு வைத்து எடுத்த படம்

புதுக்கோட்டை,
பிரமாதி வருஷம், பங்குனி மாதம்.

ஈப்போவில் இருக்கும் மாப்பிள்ளை ரெங்கராஜ் அவர்களுக்கு மாமனார் தங்கமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் போடுவது என் வழக்கம். இந்தத் தடவை போடவில்லை. மறந்துபோய் அல்ல.

உங்கள் கடிதம் மாசிக் கடைசியில் வந்தது. சொர்ணவல்லியையும் குழந்தை சிவகாமியையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். முதலாளி இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார், இருந்தால் கடையில் பங்கு கிடைக்கும், வைகாசிக்குள் சொல்ல வேண்டும், படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். படம் இத்துடன் வருகிறது. நன்றாகவே வந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் மகாலட்சுமிபோல இருக்கிறாள் என்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், படத்தைப் பிரிக்குமுன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

சொர்ணவல்லி என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். ‘என் ஒடம்பப் பத்தி அவுகளுக்கு ஒரு வரி எழுதக் கூடாது’ என்று சொல்லி, கற்பூரத்தை ஏற்றி, அதை என் கையால் அணைக்க வைத்தாள். அணைத்துவிட்டேன். ஆகவே அதைப் பற்றி எழுதமாட்டேன். ஸ்டுடியோ விளக்குகளைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு அவள் சத்தியம் கேட்கவில்லை.

நான் தலையில் மண்ணெண்ணெய் டின் சுமந்து தொழிலுக்கு வந்தவன். அப்புறம் கல்யாண வீடுகளுக்குப் பெட்ரோமாக்ஸ் விட்டேன். வெளிச்சத்தையே வாடகைக்கு விட்டவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்துத்தான் இந்த ஸ்டுடியோவைப் போட்டேன். முதலில் வந்தது அரிமளத்து நெல் வியாபாரி குடும்பம். விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டினேன். பந்தலில் அப்படித்தானே கட்டுவோம்? படத்தில் ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழேயும் கறுப்பாக நிழல் விழுந்துவிட்டது. அந்த வீட்டம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்து, ‘ஏங்க, எங்க வீட்டுல பொம்பளைகளுக்குமா மீசை?’ என்று கேட்டார்.

அதன்பின் திருச்சிக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் என்னையே படம் எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்தபடியே எந்த விளக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வேன். மூன்றாம் தடவை போனபோது அந்த ஆள், ‘என்னங்க, இந்த வயசுல எங்கிட்டும் பொண்ணு பாக்குறீகளா?’ என்றான். சிரித்து மழுப்பிவிட்டு, விளக்குக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு வந்தேன். அரிமளத்தாரை மறுபடி வரச்சொல்லி எடுத்துக் கொடுத்தேன். அந்தம்மாவுக்குப் பரம திருப்தி.

கற்றது இதுதான். பெரிய விளக்கை ஒரு பக்கமாக, முகத்துக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். மறுபக்கம் வெள்ளை வேட்டியைச் சட்டத்தில் கட்டி நிறுத்தினால் நிழல் கறுக்காமல் இளகும். மூக்கும் கன்னமும் உள்ளது உள்ளபடி எழும்பி வரும். சதைப்பிடிப்பான முகத்துக்கு அதைவிட அழகு கிடையாது. விளக்கை நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகி, மேடு பள்ளம் தெரியாமல் போய்விடும்.

சொர்ணவல்லியையும் முதலில் ஒரு பக்க விளக்கில்தான் எடுத்தேன். இருட்டறையில், படம் பதிந்த கண்ணாடித் தட்டைக் கழுவி, அச்சுப் போட்டுப் பார்த்தேன். வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் வாங்கிப் பார்த்தாள். ‘இதப் பாத்தா அவுக அடுத்த கப்பல்லயே கெளம்பி வந்துருவாக. பங்கு போயிரும். அரிமளத்து அம்மாவுக்கு மீசைய எடுத்துவிட்டீகல்ல, எனக்குக் கன்னத்தக் குடுங்கப்பா’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தப் படத்தைக் கிழித்து, கண்ணாடித் தட்டையும் தரையில் போட்டு உடைத்தாள். இல்லாவிட்டால் அதைத்தான் அனுப்பியிருப்பேன்.

ஆகவே நான் அனுப்பும் படத்தில் நாலு விளக்கு. இரண்டு நேர் எதிரே, வேட்டித் துணி போர்த்தி. ஒன்று கீழே முக்காலியின் மேல், கழுத்தடியில் நிழல் தங்காமல் இருக்க. இன்னொன்று வலப்பக்கம், கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பை அழிக்க. ரவிக்கையை முழங்கை மறைய நீளமாகப் புதிதாகத் தைத்தோம். சிவகாமி மடியில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். மடியில் இல்லை. பக்கத்தில் ஒரு மரப்பெட்டியை வைத்து, புடவைத் தலைப்பால் மூடி, அதன்மேல் உட்கார வைத்தேன். ஐந்து எண்ணும்வரை இருவரும் ஆடாமல் இருக்க வேண்டும். நாலு தட்டு வீணாயிற்று. யுத்தம் வந்தபின் அந்தத் தட்டுகள் லேசில் கிடைப்பதில்லை. குழந்தை ஆடவில்லை, மாப்பிள்ளை. தட்டு கெட்டது குழந்தையால் அல்ல.

குழந்தையைப் பற்றி எழுதத் தடையில்லை. கெட்டிக்காரி. தைப்பொங்கல் முதல் உங்கள் அத்தையோடுதான் படுக்கிறாள். அம்மா இருக்கும் அறைக்குள் விடுவதில்லை. வாசற்படிக்கு இங்கிட்டு உட்கார்ந்தே அம்மாவோடு பேசுவாள், சண்டை போடுவாள், அங்கேயே தூங்கிவிடுவாள். உங்கள் படத்தைக் காட்டி யார் என்று கேட்டால் ‘ஈப்போ’ என்கிறாள். உங்கள் பேரே அதுதான் என்று நினைத்திருக்கிறாள்.

நான் வியாபாரி. பங்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வேறு யாராவது யோசனை கேட்டிருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து வாங்கிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. படத்தைப் பிரித்ததும் இந்த நாலு விளக்கையும் ஒவ்வொன்றாக மனத்துக்குள் அணைத்துப் பாருங்கள். முதலில் வைத்த அந்த ஒரு பக்க விளக்கு மட்டும் எரியட்டும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் போய்ப் பேசுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பதில் வரும் கப்பலில் ஆளே வரலாம்.

அம்மன் உங்களைச் சுகமாக நாகப்பட்டினத்தில் இறக்கிவிடட்டும். சீக்கிரம் இறக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
தங்கமுத்து