கேட்டோடு நின்ற தண்ணீர்

7.3.1983, திங்கள்
நான் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பத்தொன்பது பிள்ளைகள். இன்று பதினொன்றுக்கு வயிற்றுப்போக்கு. தாய்மார்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து வரும்வரை துணி அலசியே என் கை வெளுத்துவிட்டது. அலசுவதும் கால்வாய்த் தண்ணீர், பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதும் அதே தண்ணீர். மழை பெய்தால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. கொதிக்க வைத்துக் கொடு என்கிறார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் சிவானந்தம். விறகு? ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நடராஜாவைக் கேட்டால், "வாரத்துக்கு ஒரு கட்டு, அவ்ளோதான் லா" என்கிறார். அது பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சவே போதாது.

9.3, புதன்
எதிரே மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துக்குச் சுகாதார இலாகா ஆள் வந்திருந்தார். பெயர் நாராயணசாமி. நம்ம ஆள்தானே என்று ஓடிப்போய்க் கேட்டேன். கம்பத்துக்குப் போகிற பைப்பு எங்கள் தோட்டத்துக் கேட்டை உரசிக்கொண்டுதான் போகிறது. உள்ளே இழுத்தால் என்ன?

"உள்ள கம்பெனி நெலம்மா. கவர்மெண்டு பைப்பு கேட்டோட நின்னுரும். தோட்டம்தான் தண்ணி குடுக்கணும்."

"எங்க மேனேஜர் தொர கவர்மெண்டுதான் குடுக்கணும்னு சொல்றாரே?"

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

துரை பங்களாவுக்கு மட்டும் அதே பைப்பு எப்படி உள்ளே போனது? பங்களா என்ன வானத்திலா இருக்கிறது?

பிள்ளைகளின் வயிறு யாருடைய நிலம்?

12.3, சனி
சின்னத்தாயின் மகன் சேது. பதினாலு மாதம். கரண்டியில் கொடுத்ததெல்லாம் வெளியே போகிறது. கண் உள்ளே போய்விட்டது. டிரசர் ஒரு பொட்டலம் மருந்துத்தூள் கொடுத்து, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார். அந்தத் தண்ணீரில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி கேட்டோம். ரப்பர் ஏற்றிப் போயிருக்கிறதாம், வந்ததும் பார்க்கலாமாம்.

13.3
லோரி நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. சேது ஐந்து மணிக்கே போய்விட்டான்.

14.3, திங்கள்
டிரசர் புத்தகத்தில் சேது சாவுக்குக் காரணம் 'காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறார். காய்ச்சலா? ஒடம்பு சில்லுன்னு கெடந்துச்சு, நான்தான மடியில வச்சிருந்தேன். போய்க் கேட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னார்: "தண்ணின்னு எழுதினா தொர என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாரு, அமராவதி. எனக்கும் மூணு புள்ளைங்க."

திட்டத்தான் போனேன். திரும்பி வந்துவிட்டேன். அந்தத் தண்ணிய கரண்டியில எடுத்து எடுத்துக் குடுத்தது யாரு? நான். வாரம் பூரா நான்தான்.

15.3, செவ்வாய்
கொட்டகையைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் சொன்னேன்: "இனிமே இந்தத் தண்ணிய என் கையால ஒரு புள்ளைக்கும் ஊத்தமாட்டேன். வேலைக்குப் போறவங்க புள்ளையோட போங்க."

சிலர் ஏசினார்கள். அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறதே. வேலம்மா அக்காதான் முதலில் பால் வாளியைக் கீழே வைத்தார். பிறகு ஒவ்வொருவராக லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது பதினாறு பெண்கள் இல்லை.

எட்டு மணிக்குக் கிராணி வந்தார். "சாவிய குடு."

கொடுக்கவில்லை.

17.3, வியாழன்
ஆண்களும் வேலைக்குப் போகவில்லை. துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். சின்னத்தாயும் கூட வந்தாள். துரை ஏதேதோ சொன்னார்: செலவு, அனுமதி, மேலிடம். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் பேசினேன். சின்னத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் கிராணி பக்கம் திரும்பி, பங்களா பைப்பிலிருந்து லயத்துக்கு இழுக்கச் சொன்னார்.

ஒன்றாம் தேதியிலிருந்து நான் ஆயா இல்லையாம். புல் வெட்டப் போகணுமாம். சரி என்றேன்.

28.3, திங்கள்
லயத்து முனையில் பைப்பு வந்துவிட்டது. நாற்பது வீட்டுக்கு ஒன்று. வரிசையில் சின்னத்தாயை முன்னால் விட்டார்கள். வாளி நிறைகிற நேரத்தில், பைப்பு போட்ட ஆளிடம் கேட்டாள்: "இத போட எத்தன நாளாச்சுண்ணே?"

"மூணு நாள் வேலைதாம்மா."

"மூணு நாளா" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.