பவளத் தொட்டிக்கு எட்டு மணி நேர வெளிச்சம்

என் செல்லக் குட்டிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமா என்று கையால் எழுதித் தெரிவி, போனில் எல்லோரும் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாமே, அதைப் பார்க்க அடுத்த மாதம் இரண்டு டிக்கெட் போடட்டுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய், நானும் மழுப்பிக்கொண்டே இருக்கிறேன். காரணம் நீ உன் அறையில் விட்டுப்போன, உயிருள்ள பவளம் வளர்க்கும் அந்தக் கண்ணாடித் தொட்டிதான். ஆறே மாசம் பாத்துக்கங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய், மூன்று வருஷம் ஆகிறது. தினமும் தண்ணீர் ஒரு விரற்கடை வற்றுகிறது, வற்றினால் உப்பு ஏறும், உப்பு ஏறினால் பவளம் சுருங்கும், அதனால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் நாங்கள் எங்கேயும் தங்கியதில்லை. என் அக்கா மகள் கல்யாணத்தில்கூடச் சாப்பிட்ட கை காயுமுன் கிளம்பினோம். சமையலறையில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன், தொட்டிக்கு மட்டும் உப்பை நிறுத்துப் போடுகிறார். யாரிடமாவது ஒப்படைக்கலாமே என்றால், புள்ள என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கு, கண்டவன் கையில எப்படிக் குடுக்கறது என்கிறார். தனியாகக் கிளம்பலாம் என்றால் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவரை எப்படி விட்டுவிட்டு வருவது.

குட்டி, இப்போது சொல்லப்போவதைக் கேட்டுத் திட்டாதே. உன் அறையில் அந்த நீல வெளிச்சத்தைப் பார்க்கப் பார்க்க, இது செத்துத் தொலைந்தால் நான் பேத்தியைப் பார்ப்பேன் என்று தோன்றிவிட்டது. விளக்கு மதியம் ஒரு மணி முதல் ஒன்பது வரைதான் எரிய வேண்டும், கூட எரிந்தால் பாசி பிடிக்கும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். டைமர் சக்கரத்தில் ஒரு குச்சியை அழுத்தினால் கால் மணி நேரம் விளக்கு எரியும். அப்பா ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பதினாறு குச்சிகளை அழுத்தி வைத்தேன். மூன்றே வாரத்தில் பாறை முழுக்கப் பச்சைப் பச்சையாக மயிர்போலப் பாசி, உன் ஊதாப் பவளம் விரியவே இல்லை. அப்பா தீனியைக் குறைத்தார், தண்ணீரை மாற்றினார், பழைய டூத் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்தார், எங்கயோ நான்தான் கோட்டை விட்டுட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டார். அதைப் பார்த்துக்கொண்டும் நான் குச்சிகளைத் தூக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை மறந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்தார், விளக்கு எரிந்துகொண்டிருந்த உன் அறைக்குள் போய் எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார். மறுநாள் காலையில், பாசி போகிற வரைக்கும் லீவு, வீட்டோடதான் இருக்கப்போறேன் என்றார். பேத்தியிடம் போகக் கதவைத் திறக்கப் பார்த்து, எனக்கு நானே இன்னொரு பூட்டும் போட்டுக்கொண்ட கதையாயிற்று. அவர் குளிக்கப் போனதும் குச்சிகளைத் தூக்கிவிட ஓடினேன். பதினாறும் ஏற்கெனவே தூக்கியிருந்தன. டைமர் மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு, எட்டு மணி நேரம் போதும், தயவுசெய்து என்று. முப்பத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று மதியம் தட்டைப் பார்த்தபடியே, இது உசுரோட இருந்தாத்தான அவ எடுத்துட்டுப் போக வருவா என்றார். நீங்கள் அங்கேயே வீடு வாங்கிவிட்டதை மாப்பிள்ளை வாய்தவறி என்னிடம் சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. நீதான் சொல்ல வேண்டும் குட்டி, தொட்டியை எடுக்க வரமாட்டேன், நீங்கதான் வரணும்ப்பா என்று. அதைக் கேட்டால் உடைந்துபோவார், ஆனால் கேட்காமல் அவர் கிளம்பமாட்டார், நானும் கிளம்ப முடியாது.

பேத்திக்கு ஆயிரம் முத்தம், மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். இங்கே ஒரு மணி ஆவதற்குள் பேசிவிடு, விளக்கு எரிந்துவிட்டால் எழுந்து தொட்டிப் பக்கம் போய்விடுவார்.

உன் அம்மா